படகுக்குள் ஏற்றிய தண்ணீர்

அட்டைப்பெட்டி வந்த அன்று மகள் வீட்டில் இல்லை. கூரியர்காரர் அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, "பெட்டிதான் சார் பெருசு, உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவ வரட்டும், பிரிக்காதிய" என்றாள் மனைவி.

நான் பிரித்தேன். புது மழைக்கோட்டின் வாசனை வந்தது. உள்ளே கறுப்பாக, தடித்த துணியில், மடித்து வைத்த இரண்டு பைகள். ஒன்றை எடுத்துக் கூடத்தில் விரித்தேன். ஒற்றைக் கட்டில் மெத்தையைவிடக் கொஞ்சம் சிறிது. மூலைகளில் வெள்ளை நிறத்தில் மரை போட்ட வாய்கள். நடுவில் எழுநூற்றைம்பது ராத்தல் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கைபேசியில் கணக்குப் போட்டேன். முந்நூற்று நாற்பது கிலோ. இரண்டும் சேர்ந்தால் அறுநூற்று எண்பது.

"என்னது இது, காத்தடிக்க மெத்தையா?"

"தண்ணி நிரப்புக பை."

"எங்க நிரப்ப?"

"படகுக்குள்ள."

மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அவளும் என்னைப் போலக் கடற்கரையில் பிறந்தவள். அவள் அப்பா, என் அப்பா, எங்கள் இரு பக்கத்துச் சித்தப்பாக்கள் எல்லோரும் வாழ்நாள் முழுக்கப் படகுக்குள் ஏறிய தண்ணீரை வெளியே கோரி ஊற்றியவர்கள். "உள்ள வாற வெள்ளத்தக் கோரித் தள்ளதுக்கே ஆளு பத்தாது. இவ காசு குடுத்து உள்ள கேத்துதாளா?" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கெழம போறியல்லா, பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க. இது நமக்கு வேண்டாம்" என்றாள்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லும் உரிமையை மகளே எனக்குக் கொடுத்திருந்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ வீட்டில் பிறந்து, கடலுக்குப் போகாமல் இருப்பதற்காகவே படிக்க வைக்கப்பட்டவன். அண்ணன் கடலுக்குப் போனார், இன்றும் போகிறார். நான் நாகர்கோவிலில் வீடு கட்டிக் குடியேறினேன். ஒரே மகளை எஞ்சினியரிங் படிக்க வைத்தேன். அவள் வளைகுடாவில் வேலைக்குப் போனபோது, ஏதோ அலுவலகம் என்றுதான் நினைத்தேன். படகுத்துறையில் உல்லாசப் படகுகளைப் பழுதுபார்த்து, பிறகு ஓட்டவும் கற்று, அதற்குச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். இருபத்தாறு வயது. நான் விட்டு விலகி வந்த தண்ணீருக்கே மறுபடி வந்து நின்றாள்.

அவள் வேலை செய்த துறையில் முன்பு வேலை பார்த்த நம்மூர்க்காரர் ஒருவர், ஊர் திரும்பி, கொச்சியில் ஒரு விடுதி விற்ற படகை வாங்கியிருந்தார். ஆறு கடலில் சேரும் இடத்துக்கு உள்ளே, முன்பு மணல் வாரியதால் மூன்று ஆள் ஆழம் கிடக்கும் காயலில் அதை ஓட்டுகிறார். படகின் பின்னால் கயிறு. கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு, காலில் பலகை கட்டிய ஒருவர் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு வருவார். படகு கிழித்துவிட்டுப் போகும் அலையின் மேல் ஏறித் துள்ளுவார். இதற்குப் பெயர் வேக்போர்டிங். என் மகள்தான் ஓட்டுநர், அவள்தான் பயிற்சியாளர்.

நான் மூன்று மாதம் தினமும் ஒரு காரணம் சொல்லி அந்த வேலையை விடச் சொன்னேன். கடைசியில் அவள், "ஒரே ஒரு தடவ வந்து படகுல இருந்து பாருங்கப்பா. அதுக்குப் பொறவும் வேண்டாம்னு சொன்னா விட்டுடுதேன். சத்தியமா" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். அது எனக்கும் தெரியும்.

அந்த ஒரு தடவைக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, பைகளை மாட்டும் வேலை. நானும் போனேன். வேவு பார்க்கத்தான் போனேன் என்று சொல்லலாம். ஆனால் உண்மையில் எனக்கு அந்தப் பையை விட்டு மனம் நகரவில்லை. படகுக்குள் எதற்குத் தண்ணீர்?

"படகு கனமா இருந்தா பின்னால தாழும். தாழ்ந்தா அதிகமா தண்ணிய விலக்கும். விலகுன தண்ணி திரும்பி வந்து சேரும்போ பெரிய அலையா எழும்பும்" என்றாள் மகள். எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் இருக்கைகளைத் தூக்கினால் அடியில் பெட்டி போன்ற அறைகள். அங்கே பழைய பைகள் கிடந்தன, புதியவற்றில் பாதி அளவு. "பெங்களூர்ல இருந்து வாறவங்க அலையப் பாத்துட்டு இவ்வளவுதானான்னு கேக்காங்க. அதான் மாமா பெருசு வரவழைச்சாரு." மாமா என்றது படகு உரிமையாளரை.

"அதுக்கு நாலஞ்சு ஆளக் கூட ஏத்தினா போதாதா?"

"ஆளு அசையும்பா. பேசும். முன்னால பின்னால நடக்கும். தண்ணி வச்ச இடத்துல இருக்கும்."

பழைய பையைக் கழற்றும்போது அதற்குள் மிச்சமிருந்த காயல் தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. சேறும் உப்பும் கலந்த வாசனை. வாயைத் திறந்து பார்த்தேன், உள்ளே விரல் நகம் அளவு மட்டிகள் இரண்டு ஒட்டியிருந்தன. பைக்கு மூன்று குழாய்கள். ஒன்று தண்ணீர் உள்ளே வர. ஒன்று வெளியே போக. மூன்றாவது, பையின் உச்சியில், காற்றுக்கு.

"காத்துக்கு எதுக்குத் தனியா?"

"காத்து வெளிய போகலேன்னா தண்ணி உள்ள வராது. பொறவு பை நெறஞ்சாச்சுன்னா அந்தக் குழாய் வழியாத்தான் தண்ணி வெளிய சாடும். படகோட பக்கவாட்டுல ஒரு ஓட்டை பாத்தியல்லா, அதுலேந்து தண்ணி வந்தா பை நெறஞ்சுதுன்னு அர்த்தம்."

நான் எட்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தேன். அவளுக்கு எரிச்சல் வரவில்லை. மரைகளில் வெள்ளை நாடாவைச் சுற்றி, கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் கால் திருகு மட்டும் கொடுத்தாள். அதற்கு மேல் திருகினால் பிளாஸ்டிக் பிளந்துவிடுமாம். பம்பைத் திறந்து உள்ளே இருந்த ரப்பர் விசிறியைக் காட்டினாள். அதன் இதழ்களில் இரண்டு மணல் தின்று கிழிந்திருந்தன. மாற்றினாள்.

எனக்குக் கிடைத்த வேலை, அந்த அறைக்குள் தலையை விட்டுப் படுத்துக்கொண்டு, பை நிரம்பும்போது அதன் மூலை மடங்காமல் இழுத்துப் பிடிப்பது. துறையில் கட்டியிருந்த படகில், தலைகீழாக, கையில் டார்ச்சோடு கிடந்தேன். மகள் மேலே ஒரு சுவிட்சைத் தட்டினாள். பம்பு இரைந்தது. தட்டையாகக் கிடந்த பை மெல்ல மூச்சு இழுத்தது போல அசைந்து, என் கைக்குள் குளிர்ந்து, தடித்து, என்னைப் பக்கச் சுவரோடு நெருக்கியது.

"நிப்பாட்டு மக்ளே. ஒரு வயர் மேல ஏறுது."

அவள் உடனே நிறுத்தினாள். பை உப்பிப் போய், படகின் அடியில் தேங்கும் நீரை வெளியே தள்ளும் பம்பின் வயரை அழுத்திக்கொண்டிருந்தது. அவள் தண்ணீரை வெளியேற்றி, ஒட்டுப்பலகை ஒன்றை அறுத்து இடையில் நிறுத்தி, மறுபடி நிரப்பினாள். அந்த வேலை முடியும்வரை எனக்குப் பயம் என்ற ஒன்றே நினைவில் இல்லை. துறையில் ஏறி நின்று பார்த்தேன். படகின் வெள்ளை உடம்பில் நீலக் கோடு ஒன்று உண்டு. காலையில் அது தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. இப்போது பின்பக்கம் கோட்டையே காணவில்லை.

அப்போதுதான் பயம் வந்தது.

அண்ணனும் வந்திருந்தார். பிள்ளையின் படகைப் பார்க்க வேண்டும் என்று ஸ்கூட்டரில் வந்து, துறையில் குந்தியிருந்து, இரண்டு மணி நேரமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது. இன்னமும் ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்.

"கொள்ளாம் மக்ளே" என்றார். "அப்பன் உன்ன எஞ்சினியரிங் படிக்க வச்சது படக முக்கதுக்கு."

"முக்கல பெரியப்பா, தாழ்த்துதேன்."

"ரெண்டும் ஒரே வழிதாம்ட்டி. ஒண்ணு கொஞ்சம் நேரத்தே போய்ச் சேரும்."

அவள் சிரித்தாள். பிறகு ஒன்று சொன்னாள், அதை நான் அன்றிரவு பல தடவை நினைத்துப் பார்த்தேன். "பைக்குள்ள இருக்கதும் தண்ணி. படகு முங்கினாலும் அந்தப் பை அதக் கீழ இழுக்காது பெரியப்பா. தண்ணிக்குள்ள தண்ணிக்குக் கனம் இல்ல." அண்ணன் தாழ்ந்து கிடந்த பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "அது சரிதான் போல" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் எளிதில் வராது.

மறுநாள் ஞாயிறு காலைப் பூசை முடிந்து நானும் மகளும் அண்ணனும் துறைக்குப் போனோம். படகில் ஐந்து பேர். மகள் சக்கரத்தில். உரிமையாளர் பின்னால் பார்த்தபடி, விழுகிறவரைக் கவனிக்க. நான், அண்ணன். ஐந்தாவது, மகளின் பள்ளித்தோழி. விளையாட்டு ஆசிரியை. பலகையில் ஏறப் போகிறவள் அவள்தான். எல்லோருக்கும் மிதவைச் சட்டை. அண்ணன் சட்டையின் வாரைத் தளர்த்தப் பார்த்தார், மகள் வந்து இழுத்துக் கட்டினாள்.

படகின் முன்பக்கம் திறந்தது. அங்கேயும் இருக்கைகள் உண்டு. கண்ணாடித் தடுப்பின் நடுவே நடந்து போக ஒரு வழி. அந்த வழியின் குறுக்கே மகள் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தாள்.

"முன்னால யாரும் போகக் கூடாது" என்றாள். "என்ன ஆனாலும்."

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "அணியத்துல ஆளு இல்லாம அலைய எப்படிட்டி தாண்டுவ?"

அணியம் என்றால் படகின் முன்தலை. எங்கள் கரையில் வள்ளம் இறக்கும்போது, கரையில் உடையும் அலையை எதிர்த்துப் போக வேண்டும். அலை முன்னால் வந்து தூக்கினால் வள்ளம் செங்குத்தாக எழுந்து பின்னால் கவிழ்ந்துவிடும். அதனால் அலையைக் கண்டதும் ஆட்கள் அணியத்துக்குப் பாய்ந்து தங்கள் கனத்தால் அதை அமர்த்துவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கல்லூரி விடுமுறைகளில் மூன்று கோடைக்காலம் அப்பாவோடு நானும் போயிருக்கிறேன். நானும் பாய்ந்திருக்கிறேன்.

மகள் பொறுமையாகச் சொன்னாள். வள்ளத்தின் அணியம் உயரம், மூடியது. இதன் முன்பக்கம் தாழ்வு, திறந்தது. இங்கே வரும் அலையும் கடல் அலை அல்ல, நாமே உண்டாக்கியது. பின்னால் இவ்வளவு கனம் இருக்கும்போது படகு ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது. முன்னாலும் கனம் வைத்தால் அலை மேலே ஏறாது, உள்ளே வரும்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாத்தியார் அல்லவா. நாடாவைச் சுட்டிக் காட்டி, அவருக்குப் புரியும்படி இன்னொரு தடவை விளக்கினேன். இதை இங்கே எழுதியாக வேண்டும். எனக்கு அது முழுக்கப் புரிந்திருந்தது.

முதல் ஓட்டத்தில் படகு பின்னால் குந்தி, முன்தலை வானத்தைப் பார்த்து எழுந்தது. நான் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அது சமப்பட்டு ஓடத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. எங்களுக்குப் பின்னால் தண்ணீர் ஒரு வரப்பு போல எழுந்து, உடையாமல், அதே உருவத்தில் எங்களோடு கூடவே வந்தது. கடலில் அலை வரும், போகும். இது நிற்கும் அலை. அதன் சரிவில் அந்தப் பெண் ஏறினாள், இறங்கினாள், துள்ளி எழுந்து அந்தப் பக்கம் போய் விழாமல் நின்றாள். உரிமையாளர் தொடையில் தட்டிக்கொண்டு, "பாத்தியளா சார், இடுப்பு ஒசரம்" என்றார். அண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் எதையும் பார்க்கவில்லை. முன்னால் தண்ணீரையும் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதியை வீட்டில் நான் கண்டதில்லை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று அப்போதே எனக்குக் கவலையாகிவிட்டது.

மூன்றாவது ஓட்டத்தில் தோழி விழுந்தாள். விழுந்ததும் கையைத் தூக்கிக் காட்டினாள், ஒன்றும் இல்லை என்று. மகள் வேகத்தைக் குறைத்து, அவளை எடுக்கப் படகைத் திருப்பினாள். திருப்பியதும், நாங்கள் சற்றுமுன் உண்டாக்கிவிட்டு வந்த அலைகளே எங்களுக்கு நேர் எதிரே வந்தன. ஒன்று. அதன் பின்னால் இன்னொன்று.

"அலை வருதுலே. அணியத்துக்கு வா" என்றார் அண்ணன்.

அவர் அப்படிச் சொன்னதாகப் பிறகு உரிமையாளர் சொன்னார். எனக்கு அது கேட்டதாக நினைவில்லை. நினைவில் இருப்பது, முழங்காலுக்குக் கீழே மஞ்சள் நாடா பட்டு அறுந்தது. அடுத்த நொடி நானும் அண்ணனும் முன்தலையில், பக்கத்துக்கு ஒருவராக, மண்டியிட்டுக் கம்பியைப் பிடித்திருந்தோம். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் எந்த இடத்தில் இருப்பேனோ அதே இடம், அண்ணனுக்கு வலது பக்கம்.

முதல் அலை எங்களைத் தூக்கியது. தூக்கி இறக்கியது. சரியாகச் செய்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷம் கூட வந்தது. அந்த இறக்கத்தில் இரண்டாவது அலை வந்தபோது முன்தலை எழவில்லை. அலை உடையவில்லை, அடிக்கவில்லை, சத்தமும் இல்லை. விளிம்புக்கு மேலாக அப்படியே உள்ளே நடந்து வந்தது. மார்பு வரை தண்ணீர். இருக்கை மெத்தை ஒன்று என் தாடையில் இடித்துக்கொண்டு மிதந்து போனது. படகின் விளிம்பையும் காயலையும் பிரிக்கக் கோடே இல்லை.

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. கத்தவில்லை. "அப்பா. பெரியப்பா. ரெண்டு பேரும் பின்னால வாங்க. நடந்து வாங்க, ஓடாதிய."

வந்தோம். எப்படி வந்தோம் என்று தெரியவில்லை. அவள் எஞ்சினைக் கியரிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். மூன்றாவதாக ஒரு சின்ன அலை, அதிலும் கொஞ்சம் உள்ளே வந்தது. எங்களைக் கடைசி இருக்கையில் உட்காரச் சொன்னாள். உரிமையாளர் கை சுவிட்சுகளின் பக்கம் போனது, பைகளைக் காலி செய்ய. "வேண்டாம் மாமா, தொடாதிய" என்றாள். பிறகு மிக மெதுவாக, நடக்கிற வேகத்தில், படகை முன்னால் விட்டாள். முன்தலை ஒரு விரல் எழுந்தது. உள்ளே இருந்த தண்ணீர் எங்கள் கால்களுக்கிடையே பின்னால் ஓடி வந்தது. அடியில் இருந்த பம்பு அதை வெளியே தள்ளத் தொடங்கியது. அண்ணன் ஒரு வாளியை எடுத்துக் கோரினார். நானும் என் கையில் கிடைத்த எதனாலோ கோரினேன். அது யாருடைய செருப்போ என்று பிறகுதான் பார்த்தேன். தோழி மிதந்தபடி, "என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பைகளை ஏன் உடனே காலி செய்யவில்லை என்று பிறகு மகளிடம் கேட்டேன். முன்பக்கம் தண்ணீர் நிறைந்திருந்த அந்த நேரத்தில், பின்பக்கக் கனத்தை எடுத்தால் முன்தலை இன்னும் கீழே குத்தியிருக்கும் என்றாள். நான் பயந்த அந்தத் தண்ணீர்தான் அப்போது எங்கள் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தது.

கரையேறித் துறையில் உட்கார்ந்தோம். அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிழிந்தார். "நாப்பது வருசமா என் அணியத்துல வெள்ளம் கேறுனதில்லலே" என்றார். "கேறுன ஒரு நாளும் நம்ம பிள்ளைக்க படகுல."

மனைவி கைபேசியில் அழைத்தாள். "சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல."

"ஏன் சத்தம் ஒரு மாதிரி இருக்கு?"

"திரும்பும்போ கொஞ்சம் வெள்ளம் கேறிச்சு. எல்லாரும் நல்லாருக்கோம்" என்றேன். எப்படி ஏறியது என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மகள் தலை துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்பா. மாமாகிட்ட நானே சொல்லிட்டேன். இந்த மாசத்தோட நிக்கேன்னு."

மனைவி அடுக்களையிலிருந்து வந்து கதவருகே நின்றாள்.

"முன்னால போகாதியன்னு வாயால சொன்னா போதும்னு நெனச்சேன். நாடா ஒட்டினா போதும்னு நெனச்சேன். அலை அடங்க முன்னால டக்குன்னு திருப்பினேன். தப்பு என்னுதுதான். நாளைக்கு யாரு வீட்டுப் பிள்ளையாவது படகுல இருக்கும்போ?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நல்ல முடிவு" என்றாள் மனைவி. "பெரிய பையும் வேண்டாம், சின்ன பையும் வேண்டாம். எஞ்சினியரிங் படிச்சிருக்க, நூறு வேல கிடைக்கும்."

நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதமாக நான் கேட்டது கிடைத்துவிட்டது. நான் வேண்டாம் என்று சொல்லக்கூடத் தேவைப்படவில்லை.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். திங்களும் தூங்கினேன். செவ்வாய்க்கிழமை ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது, இரண்டாவது அலைக்கு ஏன் முன்தலை எழவில்லை என்ற கேள்வி வந்தது. முதல் அலைக்கு எழுந்ததே. கரும்பலகையின் ஓரத்தில் ஒரு படகை வரைந்தேன். பின்னால் அறுநூற்று எண்பது. முன்னால் அண்ணன் எண்பத்தைந்து, நான் எழுபத்தைந்து. முதல் அலைக்கும் இரண்டாவது அலைக்கும் நடுவே படகின் நீளத்தைவிடக் குறைந்த தூரம். முதல் அலையிலிருந்து தலை கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்துவிட்டது. முன்னால் நூற்று அறுபது கிலோ இல்லாமல் இருந்தால்? தலை சீக்கிரம் எழுந்திருக்கும். கொஞ்சம் தெறித்திருக்கும், அவ்வளவுதான். நான் போட்ட கணக்கு சரியா என்று எனக்குத் தெரியாது. படகுக்காரர்கள் இதை வேறு மாதிரிப் போடுவார்கள். ஆனால் எப்படிப் போட்டாலும் முன்னால் இருந்த அந்த நூற்று அறுபதை அழிக்க முடியவில்லை. "சார், பின்னம்" என்றது ஒரு பெண் பிள்ளை.

மகள் அந்த வாரம் முழுக்கக் கைபேசியில் வேலை விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் அம்மா ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். வியாழக்கிழமை, மனைவி மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது, "வெள்ளம் கேறுனது என்னாலதான்" என்றேன்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"அவ போகாதியன்னு சொன்னா. ஏன்னும் சொன்னா. எனக்குப் புரிஞ்சுது. அண்ணனுக்கு வெளக்கிச் சொன்னதே நான்தான். பொறவும் நாடாவ அறுத்துட்டுப் போனேன்."

மனைவி கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். "இவ்வளவு நாளும் பிள்ள தப்புன்னுல்லா நான் நெனச்சிட்டிருக்கேன்."

"அப்படித்தான் உன்ன நெனைக்க விட்டேன்."

"எதுக்கு?"

அவளுக்கே தெரிந்தது. "நல்ல ஆளுதான் நீங்க" என்றாள். அது பாராட்டு அல்ல.

மகள் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்பா" என்றாள். "நீங்க முன்னால நின்னத நான் கண்ணாடி வழியா பாத்துட்டுத்தானே இருந்தேன். இருந்தாலும் போக முடியாதபடி வச்சிருக்க வேண்டியது நான். நம்ம ஊர் ஆம்பிளைங்க அலையப் பாத்தா எங்க ஓடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப போக முடியாதபடி வச்சுப் பாரு. ஞாயித்துக்கெழம மறுபடி வாறேன். நீ சொன்ன வாக்குல ஒரு தடவதான் ஆச்சு, அதுவும் கெட்டுப்போச்சு. பாக்காம எப்படிச் சொல்ல?" என்றேன்.

மனைவி, "என்னமும் செய்யுங்க" என்றாள். குழம்பை என் தட்டில் ஊற்றாமல் சட்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நாடா இல்லை. கண்ணாடித் தடுப்பின் நடுவே புதிதாக மாட்டிய சின்னக் கதவை மூடி, கொக்கி போட்டு, கொக்கியில் ஒரு பூட்டும் தொங்கவிட்டிருந்தாள். சாவி அவள் கழுத்துக் கயிற்றில். பைகளை முழுக்க நிரப்பினாள். பாதி போதாதா என்று கேட்டேன். அதே கனத்தில் பார்த்தால்தான் பார்த்ததாகும் என்றாள். படகின் பக்கவாட்டு ஓட்டையில் தண்ணீர் சாடும்வரை நான் துறையில் குந்தியிருந்து பார்த்தேன். அண்ணனும் வந்தார். "என்ன இருக்கையோட சேத்துக் கட்டிப் போடு மக்ளே. எனக்கு என் காலு மேல நம்பிக்கை இல்ல" என்றார். கட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

எனக்குப் பயம் போகவில்லை. இன்றும் போகவில்லை. ஆறு வாரம் ஆகிறது, குளியலறையில் வாளி நிறைந்து வழியும் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வருகிறேன். அன்று படகு கிளம்பியதிலிருந்து என் கண் அந்த வெள்ளை விளிம்பிலேயே இருந்தது. நிற்கும் அலையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் தோழி விழுந்தாள். உரிமையாளர், ஆள் விழுந்ததைக் காட்டும் கொடியைத் தூக்கினார். மகள் திருப்பவில்லை. நேராகவே விட்டு, வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து, நிறுத்தினாள். எஞ்சின் முனகிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து எங்கள் அலைகள் எங்களைத் தேடி வந்தன. ஒன்று படகின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு அடியில் புகுந்து முன்னால் போனது. முன்தலை தாழ்ந்தது, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது, எழுந்தது. இரண்டாவது போனது. மூன்றாவது போனது. அண்ணன் உதட்டை அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், செபமாக இருக்கலாம், எண்ணிக்கையாகவும் இருக்கலாம். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

காயல் அடங்கியது. மகள் சக்கரத்தில் கை வைத்தபடி, திரும்பாமல், "சொல்லுங்கப்பா. விடணுமா?" என்றாள்.

வெகு தூரத்தில் அவள் தோழியின் தலையும் தூக்கிய கையும் தெரிந்தன.

"படகத் திருப்பு மக்ளே" என்றேன். "அந்தப் பிள்ள எவ்வளவு நேரம் தண்ணியில கெடக்கும்?"

அவள் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிகவும் மெதுவாக, அகலமாக வட்டமடித்துத் திருப்பினாள்.